மாலத்தீவில் நண்பர்களுடன் ஐந்து இரவுகள்: செலவைத் தீர்மானிப்பது படகு

ஆறு நண்பர்கள் சேர்ந்து மாலத்தீவில் ஐந்து இரவுகள் தங்க ஆசைப்படுகிறீர்கள். நீர்மேல் நிற்கும் வில்லாக்களின் ஓர் இரவு வாடகையைப் பார்த்ததும் மலைத்துப்போய், நடுத்தர வருமானம் உள்ளவர்களுக்கு அந்த நாடு எட்டுமா, எட்டுமென்றால் எதில் சிக்கனம் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எட்டும். ஆனால் அங்கே செலவைக் குறைப்பது பேரமும் அல்ல, தள்ளுபடிச் சலுகையும் அல்ல. எந்தத் தீவில் தங்குகிறீர்கள், அந்தத் தீவுக்கு எந்தப் படகில் போகிறீர்கள் என்ற இரண்டு முடிவுகளிலேயே செலவின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. விமானச் சீட்டை வாங்குவதற்கு முன்பே இந்த இரண்டையும் முடிவு செய்துவிட வேண்டும்.

மாலத்தீவு என்பது ஏறக்குறைய 1,190 சிறு பவளத்தீவுகளின் தொகுப்பு. அவற்றில் நாட்டு மக்கள் ஊராக வாழ்பவை 200க்கும் குறைவு. 1972ஆம் ஆண்டில் முதலாவது விடுதி திறக்கப்பட்டதிலிருந்து நெடுங்காலம், ஆளில்லாத ஒரு தீவை ஒரே விடுதிக்கு ஒப்படைப்பது என்ற முறையிலேயே அங்கே சுற்றுலா வளர்ந்தது. அத்தகைய தீவில் இறங்கிவிட்டால் சாப்பாடு, தண்ணீர், படகு, கடல் விளையாட்டு எல்லாவற்றுக்கும் அந்த ஒரு விடுதி சொல்லும் விலைதான் விலை. பக்கத்துக் கடை என்று ஒன்று இருக்காது. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்கள் நடத்த வழி திறந்தபோது நிலைமை மாறியது. இன்று இத்தகைய பல ஊர்த்தீவுகளில் இரண்டு பேர் தங்கும் குளிர்சாதன அறை 40 முதல் 80 டாலருக்குள் கிடைக்கிறது. கடலின் நிறத்திலும் மணலின் வெண்மையிலும் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. உங்கள் பயணம் ஊர்த்தீவுப் பயணமாகத்தான் இருக்க வேண்டும். விடுதித்தீவைப் பார்த்தே ஆகவேண்டும் என்று யாராவது விரும்பினால், பகல்நேர அனுமதி தரும் ஒரு விடுதிக்கு ஒரு நாள் மட்டும் போய்வரலாம்.

இனி படகு. விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித்தீவில் இருக்கிறது. தலைநகர் மாலேவுடன் அதை இணைக்கும் பாலம் 2018இல் திறக்கப்பட்டது; கடலிலிருந்து மீட்டெடுத்த நிலமான ஹுல்ஹுமாலேவுக்கும் சாலை உண்டு. இவற்றைத் தவிர நீங்கள் தங்கக்கூடிய எந்த ஊர்த்தீவுக்கும் கடல்வழியாகவோ உள்நாட்டு விமானத்திலோதான் போக முடியும். அரசு நடத்தும் மெதுவான ஃபெரி மிக மலிவானது; மாலேவிலிருந்து மாஃபுஷி என்ற ஊர்த்தீவுக்கு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குச் சில டாலர்களே ஆகும். அதே தூரத்தை வேகப்படகு அரை மணி அல்லது முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும். ஆளுக்கு 20 முதல் 30 டாலர் வரை ஆகும். கடல்விமானத்தில் போய்வரப் பல நூறு டாலர்கள் ஆகும் என்பதால் அது உங்கள் கணக்கிலேயே வரவேண்டியதில்லை. மேலும் அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும்.

ஃபெரிக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதை அறியாதவர்கள் அங்கேதான் பணத்தை இழக்கிறார்கள். வெள்ளிக்கிழமை அந்நாட்டின் வார விடுமுறை. இந்த மெதுவான ஃபெரிகள் பொதுவாக அன்று ஓடுவதில்லை. மற்ற நாட்களிலும் பல தடங்களில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் படகு உண்டு; தொலைவான தீவுகளுக்கு ஒன்றுவிட்டு ஒருநாள்தான். மாஃபுஷி ஃபெரி புறப்படும் துறை, விமான நிலையத்துப் படகு வந்து சேரும் இடத்தில் இல்லை. மாலே நகரின் மறுகோடியில் இருக்கிறது. எனது முதல் பயணத்தில் விமானச் சீட்டு மலிவாகக் கிடைத்த நாளை மட்டுமே பார்த்து, வியாழன் இரவு போய் இறங்கினோம். அன்றிரவு ஹுல்ஹுமாலேவில் அறை எடுக்க வேண்டியதாயிற்று. மறுநாள் ஃபெரி இல்லாததால் வேகப்படகிலும் ஏற வேண்டியதாயிற்று. சீட்டில் மிச்சப்படுத்திய தொகையைப்போல் இருமடங்கு முதல் பன்னிரண்டு மணி நேரத்திலேயே கரைந்தது. ஆகவே ஞாயிறு முதல் வியாழனுக்குள் காலையில் தரையிறங்கும் விமானத்தைத் தேடுங்கள். அது சற்று விலை கூடுதலாக இருந்தாலும் மொத்தத்தில் அதுவே மலிவு. அரசுப் போக்குவரத்து நிறுவனம் சில ஆண்டுகளாக வேக ஃபெரிகளையும் இயக்கிவருகிறது; உங்கள் தீவுக்கு அது உண்டா, எந்த நாளில் எத்தனை மணிக்கு என்பதை விருந்தினர் இல்லத்தாரிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு இது அத்துப்படி.

எந்தத் தீவு என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை; உங்கள் ஆறு பேரும் கடலில் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. மாஃபுஷி விமான நிலையத்திலிருந்து அருகில் இருப்பது. விருந்தினர் இல்லங்களும் படகோட்டிகளும் நிறைய இருப்பதால் போட்டியில் விலை இறங்கியிருப்பது. முதல் முறை செல்பவர்களுக்கு எளிதானது. அதன் குறை, கரையிலிருந்து நீந்திப் போய்ப் பார்க்கத்தக்க பவளத்திட்டு அங்கே சிறப்பாக இல்லை என்பதே. நல்ல மீன்களைப் பார்க்க ஒவ்வொரு முறையும் படகுக்குப் பணம் கொடுக்க வேண்டும். வட அரி அட்டோலில் (அட்டோல் என்றால் வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) உள்ள உகுல்ஹாஸ் தீவில் நிலைமை நேர்மாறானது: பயணச்செலவு கூடுதல், ஆனால் கடற்கரையிலிருந்து சில நிமிடங்கள் நீந்தினாலே உயிருள்ள பவளமும் ஆமையும் கண்ணில் படும், தூய்மைக்குப் பெயர்பெற்ற ஊர் என்பதால் நடப்பதற்கும் இதமானது. தங்கும் தீவில் நீந்தி எட்டக்கூடிய பவளத்திட்டு இருந்தால் தினமும் இலவசமாக ஓர் உல்லாசப் பயணம் கிடைப்பதற்குச் சமம் என்பதை நண்பர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அறை வாடகையில் பத்து டாலர் வித்தியாசத்தைப் பற்றி மணிக்கணக்கில் வாதிடுபவர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை.

அலைச்சறுக்கு உங்கள் நோக்கமானால் துலுஸ்தூ தீவுக்குப் போங்கள். அங்கே கடல்நீரை நன்னீராக்கிக் கோக்கா கோலா தயாரிக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. அதனாலேயே அத்தீவின் புகழ்பெற்ற அலைக்கும் 'கோக்ஸ்' என்று பெயர் வந்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கு அலை உயரும். திமிங்கலச் சுறாவைக் காண விரும்பினால் தென் அரி அட்டோலின் திகுராவே சரியான இடம். தீவின் தெற்கிலுள்ள கடற்பகுதி 2009இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. உலகில் ஆண்டு முழுவதும் இந்த உயிரினம் தென்படும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. மாஃபுஷியிலிருந்தும் அந்தக் கடலுக்கு ஒருநாள் பயணமாக அழைத்துச் செல்கிறார்கள். ஆனால் பாதி நாள் படகிலேயே கழிந்துவிடும், கட்டணமும் கூடுதல். திகுராவிலேயே தங்கினால் ஒருநாள் காணக் கிடைக்காவிட்டாலும் மறுநாள் முயலலாம். மூன்று கிலோமீட்டர் நீண்ட மெல்லிய தீவின் முனையில் உள்ள மணல்திட்டுக்கு நடந்தே போய்வரலாம். என் சொந்த விருப்பத்தைக் கேட்டால், ஐந்து இரவுகளில் மூன்றைத் திகுராவிலும் இரண்டை மாலேவுக்கு அருகிலுள்ள ஒரு சிறு தீவிலும் கழிப்பேன். மூன்று தீவுகள் என்று திட்டமிடாதீர்கள். ஒவ்வொரு இடமாற்றமும் ஒரு பகலையும் ஆறு படகுச்சீட்டுகளையும் விழுங்கும்.

அறை வாடகையைப் பார்க்கும்போது வரியையும் சேர்த்துப் பார்க்கப் பழகுங்கள். 2025 ஜனவரி முதல், 50 அறைகளுக்கு மேற்படாத ஊர்த்தீவு விருந்தினர் இல்லங்களில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர் பசுமை வரி. விடுதித்தீவுகளிலும் பெரிய தங்குமிடங்களிலும் 12 டாலர். சுற்றுலாச் சேவைகளுக்கான பொருள் மற்றும் சேவை வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடு. இதற்குமேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம் வாங்கும் இடமாக இருந்தால், 60 டாலர் என்று காட்டிய அறை முதலில் 66 ஆகும். வரி சேர்ந்து 77 டாலரைத் தாண்டும். இரண்டு பேருக்குப் பசுமை வரி 12 டாலர் சேர்ந்து 89 டாலரில் போய் நிற்கும். ஆறு பேருக்கு ஐந்து இரவுகளின் பசுமை வரி மட்டுமே 180 டாலர். முன்பதிவுத் தளங்கள் சில இதை அடக்கிய விலையைக் காட்டும், சில காட்டாது; ஆகவே இரண்டு இல்லங்களை ஒப்பிடும்போது இறுதித் தொகையோடு இறுதித் தொகையை ஒப்பிடுங்கள். ஆறு என்ற எண்ணிக்கை உங்களுக்கு நல்வாய்ப்பு: மூன்று அறைகள் முழுதாக நிரம்பும், ஒருவருக்காகத் தனியறை எடுக்கும் சுமை இல்லை. மணல்திட்டுப் பயணத்துக்கோ மீன்பிடிக்கவோ ஒரு சிறு படகை முழுதாக வாடகைக்குப் பேசி ஆறாகப் பகிர்ந்தால், தனித்தனிச் சீட்டாக வாங்குவதைவிடப் பல வேளைகளில் குறைவாகவே வரும். புறப்படும் நேரமும் உங்கள் கையில் இருக்கும்.

நாட்டு நாணயம் ருஃபியா. அதிகாரப்பூர்வ மாற்று விகிதம் டாலருக்குச் சுமார் 15.42. அறைக்கும் கடல் பயணங்களுக்கும் டாலரில் கேட்பார்கள். தேநீர்க் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் ருஃபியாவில் கொடுத்தால் கணக்கு நேராக இருக்கும். டாலரை நீட்டினால் வசதிக்கேற்ற ஒரு முழு எண்ணில் மாற்றிக்கொள்வார்கள். சிறு தீவுகளில் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்றே ஒன்று இருக்கலாம், அதுவும் அன்று வேலை செய்யாமல் இருக்கலாம். விமான நிலையத்திலேயே தேவையான அளவு மாற்றிக்கொள்வது நல்லது.

பருவத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றின் காலம். வானம் தெளிவாக இருக்கும், கடல் அடங்கியிருக்கும், அறைகளும் விலை ஏறியிருக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குக் காற்று. விலை இறங்கும், மழை வரும். நாள் முழுதும் மழை கொட்டுவது அரிது. வந்து சில மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். காற்று பலமாக இருக்கும் நாளில் படகுகள் நின்றுவிடக்கூடும் என்பதே அக்காலத்தின் உண்மையான இடர். ஆனால் மாண்டா திருக்கைகள் மிதவை உயிர்களைத் தேடிக் கூட்டமாக வருவதும் அந்த மாதங்களில்தான். பா அட்டோலில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் அந்தக் காட்சியைக் காணலாம்; 2011இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்ற பகுதி அது; ஸ்கூபா முக்குளிப்புக்கு அங்கே தடை, மேற்பரப்பில் நீந்தி மட்டுமே பார்க்கலாம். செலவுக்கும் வானிலைக்கும் நடுநிலையான காலம் வேண்டுமென்றால் ஏப்ரலின் பிற்பகுதியையோ நவம்பரின் பிற்பகுதியையோ பரிந்துரைக்கிறேன். இன்னொன்றையும் நாட்காட்டியில் பாருங்கள்: 2026, 2027 ஆகிய ஆண்டுகளில் ரமலான் நோன்பு பிப்ரவரியில் தொடங்குகிறது. நோன்பு மாதத்தில் ஊர்த்தீவுகளில் பகலில் உணவகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், பொது இடத்தில் உண்பதும் முறையல்ல. விருந்தினர் இல்லத்தில் மட்டும் சாப்பாடு கிடைக்கும். இரவில் ஊரே விழித்திருக்கும் அழகு அந்த மாதத்துக்கே உரியது. தெரிந்துகொண்டு போனால் அதுவும் நல்ல காலம்தான்.

சாப்பாட்டில் மிச்சம் பிடிக்க ஒரே வழி உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடுவது. காலையில் மஸ்ஹுனி: சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் ஆகியவற்றைப் பிசைந்து, ரோஷி என்னும் மெல்லிய ரொட்டியோடு தருவார்கள். நாம் மாசி என்று அறிந்த உலர்ந்த சூரையின் பிறப்பிடம் இதுவே. ஆதலால் சுவை நாக்குக்கு அந்நியமாக இருக்காது. நண்பகலில் கருதியா எனப்படும் மீன்சாறும் சோறும். மாலையில் தேநீர்க் கடைகளில் ஹெதிகா என்ற பொதுப்பெயரில் விதவிதமான பொரித்த சிற்றுண்டிகள் தட்டில் வந்து நிற்கும். எடுத்ததற்கு மட்டும் பணம். உங்களில் யாரேனும் மரக்கறி உணவு மட்டுமே உண்பவரானால் விருந்தினர் இல்லத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள். அரிசி முதல் காய்கறி வரை பெரும்பாலானவை கப்பலில் வருகின்றன. சைவம் என்று நினைக்கும் சிற்றுண்டியிலும் மாசித் தூள் இருக்கும். காலை உணவு அடங்கிய அறையாக எடுத்து, இரவு உணவை மட்டும் உணவகத்தில் வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலரைச் சுற்றியே உணவுச்செலவு நிற்கும். குடிநீரைச் சிறு புட்டிகளாக வாங்காமல் பெரிய கலனாக வாங்கிப் பகிருங்கள்.

ஊர்த்தீவுகள் இஸ்லாமியச் சமூகங்கள் வாழும் ஊர்கள். அங்கே மது கிடையாது. நாட்டுக்குள் மதுவைக் கொண்டுவரவும் கூடாது. சுங்கத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மது வேண்டும் என்பவர்களுக்கு விடுதித்தீவின் பகல்நேர அனுமதியோ, சில தீவுகளுக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் மிதவைப் படகுகளோ வழி. இரண்டுமே விலை கூடியவை. இதைக் குழுவில் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு தெரிந்துகொள்ளும் நண்பரின் மனத்தாங்கல் ஐந்து நாளும் தொடரும். நீச்சலுடை அதற்கென ஒதுக்கப்பட்ட 'பிகினி பீச்' பகுதியில் மட்டும். தெருவில் தோளும் தொடையும் மறைய உடுத்த வேண்டும். மின் சிகரெட் வைத்திருப்பதே 2024 டிசம்பர் முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2007 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்கள் புகையிலைப் பொருட்களை வாங்கவோ பயன்படுத்தவோ கூடாது என்ற சட்டம் 2025 நவம்பர் முதல் பயணிகளுக்கும் பொருந்துகிறது. உங்களில் இளையவர் யாரேனும் இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி: கடலும் உங்கள் நீச்சலும். குழுவாகச் செல்லும்போது ஒருவர் துணிச்சலைப் பார்த்து இன்னொருவரும் இறங்கிவிடுவார். விபத்துகள் அப்படித்தான் நேர்கின்றன. அட்டோல் என்பது பவளத்திட்டுகளின் வளையம். அந்நாட்டு மொழியான திவெஹியிலிருந்தே அந்தச் சொல் உலகுக்குப் போயிற்று. வளையத்தின் உள்ளே நீர் அமைதியாக இருக்கும். ஆனால் வளையத்தை உடைத்துக்கொண்டு கடலும் உட்கடலும் கலக்கும் வாய்க்கால்களில், அங்குள்ளவர்கள் 'கண்டு' என்று சொல்லும் அந்த இடங்களில், ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் நீரோட்டம் ஆறுபோல் ஓடும். திட்டின் விளிம்பில் தரை சட்டென்று பாதாளமாக இறங்கும். நல்ல நீச்சல்காரரும் நீரோட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப்போவார். ஆகவே புறப்படுவதற்கு முன்பே ஆறு பேரும் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிக்கொள்ளுங்கள்: யாருக்கு நீந்தத் தெரியும், யாருக்கு ஆழத்தில் பயம், யாருக்கு ஆஸ்துமா உண்டு. நீந்தத் தெரியாதவர் மிதவை அங்கி அணிந்து, வழிகாட்டியின் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு பார்க்கலாம். அதில் குறைவு எதுவுமில்லை. தனியாக யாரும் நீரில் இறங்கக் கூடாது. இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒருவர் மற்றவரைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும். கரையிலிருந்து இறங்கும் முன், இன்று நீரோட்டம் எந்தப் பக்கம் என்று ஊர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள். ஓட்டத்தில் அகப்பட்டால் எதிர்க்காமல், பக்கவாட்டில் திட்டை நோக்கி ஒதுங்குங்கள். சொந்தமாக ஒரு நீச்சல் முகக்கவசமும் மூச்சுக்குழாயும் வாங்கிச் செல்வது நல்ல சிக்கனம். முகத்துக்குப் பொருந்தாத வாடகைக் கவசத்தில் நீர் புகுந்துதான் பலரும் பதறுகிறார்கள்.

பவளத்தின் மேல் நிற்காதீர்கள். கல்போலத் தோன்றினாலும் அது உயிர். 1998லும் 2016லும் கடல்நீர் சூடேறியபோது அந்நாட்டின் பவளங்கள் பெருமளவில் வெளிறி மடிந்தன. இன்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி அதற்குப்பின் மெல்ல மீண்டு வளர்ந்தது. ஒரு காலடியில் உடைவது மீண்டும் அந்த அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகும். திமிங்கலச் சுறாவை எட்டித் தொடுவதும் அதன் முன்னால் குறுக்கே நீந்துவதும் கூடாது; படகோட்டி அப்படிச் செய்யத் தூண்டினாலும் மறுத்துவிடுங்கள்.

பணப் பங்கீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அறை, படகு, பொதுப் பயணங்கள் ஆகியவற்றுக்கு ஒரு பொதுநிதி வைத்து, ஒருவரே கணக்கு எழுதட்டும். உணவும் தனிப்பட்ட விருப்பங்களும் அவரவர் பொறுப்பு. ஸ்கூபா போன்ற செலவுமிக்கவற்றைப் பொதுநிதியில் சேர்க்காதீர்கள். விரும்பாதவர் வாய்திறந்து மறுக்கத் தயங்குவார். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது கடல் விளையாட்டுகளும் அதில் அடங்குமா என்று பாருங்கள். தொலைவான தீவிலிருந்து நோயாளியை மாலேவுக்குக் கொண்டுவர ஆகும் செலவு, இத்தனை சிக்கனத்தையும் ஒரே நாளில் அழித்துவிடும்.

நுழைவு விதிகள் எளியவை. வந்திறங்கும்போதே 30 நாள் சுற்றுலா விசா இலவசமாகக் கிடைக்கும். திரும்பும் சீட்டும் தங்குமிட முன்பதிவும் கையில் இருக்க வேண்டும். இமுகா என்ற அரசு இணையதளத்தில், பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ஒவ்வொருவரும் பயண அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும்; அதற்குக் கட்டணம் இல்லை, பணம் கேட்கும் தளம் எதுவாயினும் அது போலி. புறப்படும்போதும் அதே படிவத்தை மீண்டும் நிரப்ப வேண்டும் என்பதைப் பலர் மறந்து, வரிசையில் நின்றபடி தேடுகிறார்கள்.

கடைசி நாளைத் தளர்வாக வையுங்கள். பலமுறை முக்குளித்தவர்கள் விமானம் ஏறுவதற்குக் குறைந்தது 18 மணி நேரம் முன்பாகவே நீரை விட்டு வெளியேறியிருக்க வேண்டும் என்பதால், ஸ்கூபாவை மூன்றாம் அல்லது நான்காம் நாளுக்கே முடித்துவிடுங்கள். விமானம் காலையில் என்றால் முதல்நாளே மாலேவுக்கு அருகில் வந்துவிடுவது நல்லது. பிற்பகலில் என்றால் காலைப் படகு போதும். அந்தப் படகின் நேரத்தை முந்தைய இரவு ஒருமுறை மீண்டும் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காற்று மாறினால் அது அரை மணி முன்பாகவே புறப்பட்டுவிடுவதும் உண்டு.